குழு மின்னஞ்சலில் குப்பை வந்தால்



டத்தோ கிராமாட் வட்டாரத்தில் என் படிவம் 5 மாணவர்களுக்காக ஒரு குழு மின்னஞ்சல் தொடங்கினேன். பயிற்சித் தாள், மாதிரிக் கட்டுரை எல்லாம் அதில்தான் போகும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்தே வைத்திருந்தேன். எஸ்.பி.எம். நெருங்கும் நேரத்தில் ஓர் அஞ்சல் வந்தது: தமிழ்மொழித் தாள் கசிந்துவிட்டதாம், 50 ரிங்கிட் கட்டினால் கிடைக்குமாம். ஒரு மாணவி கட்டிவிட்டாள். அம்மா கொடுத்த டியூஷன் காசு.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். பத்துப் பேர் அந்த அஞ்சலுக்குப் பதில் எழுதினார்கள். "ஏன் இதையெல்லாம் அனுப்புறீங்க?", "என் பேரை எடுத்துடுங்க" என்று. ஒவ்வொரு பதிலும் எல்லாருக்கும் போனது, கீழே அந்த மோசடி இணைப்பையும் சுமந்துகொண்டு! முதல் அஞ்சலைப் பார்க்காதவர்கள்கூடப் பலமுறை பார்த்துவிட்டார்கள். 1997இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திலேயே இப்படி நடந்தது. ஒரு குழுவுக்குத் தவறி வந்த அஞ்சலுக்கு "என்னை நீக்குங்கள்", "என்னையும்தான்" என்று ஆளாளுக்கு எழுதப்போய், நிறுவனத்தின் அஞ்சல் சேவையே திணறிப்போனது.

ஆகவே, திட்டுவதற்குக்கூடப் பதில் போடாதீர்கள். நீங்கள் எழுதினால், அந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவனுக்கு உறுதியாகிவிடும். அடியில் இருக்கும் 'விலக இங்கே சொடுக்கவும்' என்பதையும் தொடாதீர்கள். ஸ்பேம் என்று புகார் செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு, குழுப் பொறுப்பாளருக்குத் தனியாகச் சொல்லுங்கள். அனுப்புநர் பெயரை யாரும் மாற்றிக்கொள்ளலாம், முகவரியைப் பாருங்கள்.

பணம் கட்டுமுன் அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அங்கே புகார் இல்லை என்பதால் ஆள் நல்லவன் என்று ஆகிவிடாது. கட்டிவிட்டீர்களா? உடனே வங்கியை அழையுங்கள், அல்லது 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997இல் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுக்கப் பார்ப்பார்கள்.

என் மாணவி மூன்று நாள் வாயே திறக்கவில்லை. கசிந்த தாளை வாங்க நினைத்தது தப்பு, சொன்னால் ஏச்சு விழும் என்ற பயம். அதற்குள் காசு போயே போய்விட்டது. ஆசிரியர்களே, முதலில் 997, ஏச்சு அப்புறம்.

பொறுப்பாளர்களுக்கு ஒன்று. உறுப்பினர் மட்டுமே எழுதலாம், புதியவர் அஞ்சல் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும் என்று கூகுள் குழுவில் அமைத்துக்கொள்ளலாம். நான் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை. பல நாள் ஒன்றுமே இருக்காது.