ஐந்தாவது பாட்டில் குற்றம்: விழிஞ்ஞம் கரையில் போர்ட் ஒயின்

புது தில்லி: கேரளத்தில் ஒருவர் தம் வீட்டில் 750 மில்லி அளவுள்ள நான்கு ஒயின் பாட்டில்களை வைத்திருக்கலாம். ஐந்தாவது பாட்டிலைச் சேர்த்தால் மொத்தம் 3.75 லிட்டர். தனிநபருக்கு அம் மாநிலம் வகுத்துள்ள வரம்போ 3.5 லிட்டர். வாங்கிக் குடித்து முடிப்பவருக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டல்ல. ஆனால், இருட்டறையில் முப்பது ஆண்டுகள் கிடத்தி வைத்து முதிரச் செய்ய வேண்டிய போர்த்துகல் நாட்டுப் போர்ட் ஒயினைச் சேகரிக்க விரும்புபவருக்கு, சேகரிப்பு தொடங்கும் இடத்திலேயே குற்றமும் தொடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கு இதுவரை யாருக்கும் பெரிதாகத் தோன்றியதில்லை. இனி அப்படி இருக்காது. இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022இல் மீண்டும் உயிர்பெற்ற வர்த்தகப் பேச்சு நிறைவு பெற்றதாக 2026 ஜனவரியில் புது தில்லியில் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒயின் மீதான 150 சதவீதச் சுங்கவரி படிப்படியாகக் குறைக்கப்படும் என்பது அந்த அறிவிப்பின் ஒரு பகுதி. மறுபுறம், ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் கப்பல் தடத்திலிருந்து சுமார் 10 கடல் மைல் தொலைவிலேயே உள்ள விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கி, 2025 மே 2ஆம் தேதி பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய பெட்டகக் கப்பல்களுள் ஒன்றான எம்எஸ்சி ஐரினா அடுத்த மாதமே அங்கு வந்து நின்றது.

சரக்கு வரும் வழி விரிகிறது. வரியும் குறையப் போகிறது. ஆனால் கரையேறிய பாட்டிலை ஒருவர் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதை முடிவு செய்வது தில்லியோ பிரஸ்ஸல்ஸோ அல்ல. திருவனந்தபுரம்.

ஜாடியில் வந்த ஒயின்

விழிஞ்ஞத்துக்கு ஒயின் புதிய சரக்கு அல்ல. பாண்டியரும் சோழரும் படையெடுத்துக் கைப்பற்றிய ஆய் நாட்டுத் துறை அது. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் 2011 முதல் அங்கு நடத்திய அகழாய்வில் சீனத்துப் பீங்கான் ஓடுகளுடன், மேற்கு ஆசியாவிலிருந்து வந்த 'டார்பிடோ' ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. கூர்மையான அடிப்பகுதியும் உட்புறத்தில் நிலக்கீல் பூச்சும் கொண்ட இந்த ஜாடிகள், ஒயின் போன்ற திரவங்களைக் கசியாமல் கடல் கடத்துவதற்காகச் செய்யப்பட்டவை.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு, முசிறிக்கு வந்த இறக்குமதிகளில் ஒயினையும் சேர்க்கிறது. அதிகமில்லை என்றும் சொல்கிறது. அதே குறிப்பில் தெற்கே நல்ல துறையுடைய 'பலிதா' என்ற கடற்கரைச் சிற்றூர் வருகிறது. அது விழிஞ்ஞமே என்பார் உண்டு. வர்க்கலை என்பாரும் உண்டு. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாடியிருப்பதைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியெடுத்த ரோமானிய அம்போரா ஓடுகளுள் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவையும் உண்டு. கோஸ் தீவு ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். நெடும் பயணத்தில் அது கெடாமல் இருக்க அவர்கள் கண்ட உபாயம் அது.

அதே சிக்கலுக்குப் போர்த்துகல் கண்ட உபாயம்தான் போர்ட் ஒயின். 1703இல் இங்கிலாந்தும் போர்த்துகலும் செய்துகொண்ட மெத்துவன் ஒப்பந்தம், பிரெஞ்சு ஒயினைவிடக் குறைந்த வரியில் போர்த்துகல் ஒயினை லண்டனுக்குள் அனுமதித்தது. ஒரு வரிச் சலுகையில் வளர்ந்த மது அது. இன்று மற்றொரு வரிச் சலுகையோடு இந்தியாவின் வாசலில் நிற்கிறது. டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் திராட்சைச் சாறு பாதி நொதித்த நிலையில், 77 சதவீதச் செறிவுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுவார்கள். நொதிப்பு அங்கேயே நிற்கும், இனிப்பு எஞ்சும், மதுச் செறிவு ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு ஏறும். டோரோ பள்ளத்தாக்கு 1756இலேயே அரசால் எல்லை வகுக்கப்பட்டது. ஆற்று முகத்தில் உள்ள போர்ட்டோ நகரம் மதுவுக்குப் பெயர் தந்தது. போர்த்துகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருள், துறைமுகம்.

முதுமைக்குத்தான் விலை

போர்ட்டில் பல வகை உண்டு. சேகரிப்பாளர்கள் தேடுவது 'வின்டேஜ்' எனப்படும் ஆண்டுக்குறி இட்ட வகையை. எல்லா ஆண்டும் அது பிறப்பதில்லை. விளைச்சல் சிறப்பாக அமைந்த ஆண்டை மட்டுமே நிறுவனங்கள் அறிவிக்கின்றன. 1945, 1963, 1977, 1994, 2011 ஆகியவை அவ்வாறு பரவலாக அறிவிக்கப்பட்டுப் புகழ்பெற்றவை. மரப் பீப்பாயில் இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டுமே இருந்தபின் வடிகட்டாமல் பாட்டிலில் அடைக்கப்படுவதால், எஞ்சிய முதிர்ச்சி முழுவதும் பாட்டிலுக்குள்ளேயே நிகழ்கிறது. இருபது முதல் நாற்பது ஆண்டுகள் வரை அது ஆகலாம்.

அதனால்தான் வைக்கும் முறைக்கு இத்தனை கட்டுப்பாடு. தக்கை உலர்ந்து சுருங்காமலிருக்கப் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். வெளிச்சமும் அதிர்வும் ஆகா. வெப்பநிலை 12 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள், ஏற்ற இறக்கமின்றி இருக்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பாட்டிலின் அடிப்பக்கத்தில் வண்டல் கெட்டிப்படும். பழைய பாட்டில்களின் ஒரு பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்புத் தீற்று ஒன்று இருக்கும்: இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று, கிடங்கு மாறும்போது எடுத்து வைப்பவருக்குச் சொல்லும் அடையாளம் அது. திறக்கும் நாளில் தக்கை பொடிந்து போகும் என்பதால், பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கழுத்தைப் பற்றி, குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றி, கண்ணாடியையே விண்டு எடுப்பதும் உண்டு. வாங்குபவர் முதலில் பார்ப்பது பாட்டிலின் கழுத்தில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான். மட்டம் தோள்வரை இறங்கியிருந்தால் தக்கை கசிந்திருக்கிறது, காற்று புகுந்திருக்கிறது என்று பொருள், விலையும் இறங்கும்.

பிள்ளை பிறந்தால் அதன் பெயரில் ஒரு 'பைப்' போர்ட் ஒதுக்கி வைப்பது இங்கிலாந்தின் பழைய செல்வக் குடும்பங்களில் வழக்கம். ஒரு பைப் என்பது சுமார் 550 லிட்டர். எழுநூறுக்கும் மேற்பட்ட பாட்டில்கள். நம் ஊரில் பெண் பிறந்தால் தென்னம்பிள்ளை வைப்பதுபோல என்று கொள்ளலாம், தென்னைக்குக் கலால் துறை அதிகாரி வருவதில்லை என்பதைத் தவிர.

திருவனந்தபுரம் கடற்கரையின் வெயில் இதற்கு உகந்ததல்ல. அங்கு ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 டிகிரியைச் சுற்றியே நிற்கும். நிலத்தடி அறை தோண்டலாம் என்றால் கடலோரத்தில் நீர் ஊறும். மின்சாரத்தில் இயங்கும் குளிர்பெட்டிதான் வழி. விழிஞ்ஞத்தில் 1644இல் பண்டகசாலை வைத்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிற்காலத்து ஊழியர்கள், சென்னையிலும் பிற துறைகளிலும் விரும்பிக் குடித்தது போர்ட்டை அல்ல, மதீரா தீவின் ஒயினை. வெப்பமண்டலக் கடலில் கப்பல் அடித்தளத்தில் வெந்து புழுங்கிய மதீரா, கெடுவதற்குப் பதிலாகச் சுவை கூடியது. கீழைக்கடல் வரை போய்த் திரும்பிய பீப்பாய்க்கு ஐரோப்பாவில் தனி மதிப்பு இருந்தது.

லிட்டர் கணக்கு ஏன் வந்தது?

கேரளத்தின் வரம்பை வெறும் அதிகாரத் திமிர் என்று தள்ளிவிட முடியாது. 1982 ஓணத்தின்போது வைப்பீனில் நச்சுச் சாராயம் 77 பேரைக் கொன்றது. பலர் பார்வை இழந்தனர். 1996 ஏப்ரலில் ஏ.கே. அந்தோணி அரசு சாராயத்துக்குத் தடை விதித்தது. 2000இல் கல்லுவாதுக்கலில் மீண்டும் 31 உயிர்கள் போயின. பதுக்கி விற்பவரைப் பிடிக்கக் கலால் துறைக்கு எளிய அளவுகோல் வேண்டும். லிட்டரைவிட எளியது வேறில்லை. 2014இல் உம்மன் சாண்டி அரசு ஐந்து நட்சத்திர ஓட்டல்களைத் தவிர மற்ற மதுக்கூடங்களை மூடியபோது, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2017இல் இடது முன்னணி அரசு மூன்று நட்சத்திரம் வரை மீண்டும் திறந்தது. எந்த முன்னணி வந்தாலும் லிட்டர் கணக்கு மட்டும் கேள்விக்கு உள்ளாகவில்லை.

அந்த அளவுகோல் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்காக வீட்டில் திராட்சை ஒயின் ஊறவைப்பதும் குற்றமே என்று கலால் துறை எச்சரித்தபோது, தலைமுறைகளாக அதைச் செய்துவந்த கேரளக் கிறிஸ்தவக் குடும்பங்கள் திகைத்தன. கத்தோலிக்க மீனவர் மிகுந்த விழிஞ்ஞம் போன்ற கடலோரங்களில் ஒயின் என்பது முதலில் பலிபீடத்துப் பொருள். தேவாலய வழிபாட்டு ஒயினுக்குச் சட்டம் தனி அனுமதி தருகிறது, வீட்டுக்கு இல்லை. மதுவிலக்கை வழிகாட்டு நெறியாக வைக்கும் இன்றைய 47ஆவது பிரிவு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது, ஆதிவாசிகளின் சடங்குகளில் அரிசி மதுவுக்கு இடமுண்டு என்று ஜெய்பால் சிங் வாதாடினார். எதற்காக வைத்திருக்கிறார் என்று கேட்காமல் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று மட்டும் கேட்கும் சட்டத்தின் சிக்கலை அன்றே தொட்டவர் அவர்.

தில்லி வீட்டில் 132 பாட்டில்

தலைநகரின் விதி சற்றுத் தாராளம். தில்லி கலால் விதிகள் (2010), 25 வயதைக் கடந்த ஒருவர் ஒயின், பீர் வகையில் 18 லிட்டரும், விஸ்கி, ரம் போன்ற வகையில் 9 லிட்டரும் வைத்திருக்க இடம் தருகின்றன. ஒரு வீட்டில் 132 பாட்டில்கள் கைப்பற்றப்பட்டுத் தொடரப்பட்ட வழக்கு 2022இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. விஸ்கி முதலியவை 51.8 லிட்டர், ஒயின், பீர் முதலியவை 55.4 லிட்டர். கூட்டுக் குடும்பமாக அங்கு வசித்தவர்களுள் 25 வயதைக் கடந்தோர் ஆறு பேர். ஆறு ஒன்பது 54, ஆறு பதினெட்டு 108. ஆகவே விதிமீறல் இல்லை என்று கூறி, நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது.

சேகரிப்பாளர்கள் இத் தீர்ப்பை வரவேற்கலாம். ஆனால் அது காப்பாற்றியது ஒரு சேகரிப்பை அல்ல, ஒரு பெருக்கல் கணக்கை. மகன் வேலைக்காக வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலோ, தந்தை காலமானாலோ, ஒரு பாட்டில்கூடக் கூடாமலே அதே அலமாரி வரம்பு மீறியதாகிவிடும். விற்றுத் தீர்க்கலாம் என்றால் உரிமம் இல்லாதவர் ஒரு பாட்டிலையும் விற்க முடியாது. லண்டனில் பழைய போர்ட் பகிரங்க ஏலத்துக்கு வருகிறது. பிரிட்டிஷ் அரசே லங்காஸ்டர் மாளிகையின் அடியில் விருந்தினருக்கான ஒயின் கிடங்கை வைத்து, அதன் இருப்பையும் செலவையும் நாடாளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டுகிறது. விலை உயர்ந்த சில பாட்டில்களை விற்றுப் புதியவற்றை வாங்குகிறது.

தில்லி திறக்கும் கதவு

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை இதில் தெளிவானது. சுங்கவரி, மத்தியப் பட்டியலின் 83ஆவது இனம். மதுவின் உற்பத்தி, உடைமை, போக்குவரத்து, கொள்முதல், விற்பனை ஆகியவை மாநிலப் பட்டியலின் 8ஆவது இனம். பன்னாட்டு உடன்பாட்டில் மத்திய அரசு கையெழுத்திடலாம். அது தர முடிவது துறைமுகம் வரைதான்.

ஐரோப்பியர் இதை ஏற்கெனவே அனுபவத்தில் கற்றவர்கள். 2006இல் அவர்கள் உலக வர்த்தக அமைப்பில் புகார் செய்ய, 2007 ஜூலையில் மத்திய அரசு கூடுதல் சுங்கவரியை நீக்கிவிட்டு, ஒயின் மீதான அடிப்படை வரியை 100இலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. மறு ஆண்டே அவர்கள் மீண்டும் ஜெனீவா படியேறினர். இம்முறை புகார் மாநிலங்களின் மீது: மகாராஷ்டிரம், கோவா, தமிழ்நாடு. இறக்குமதி மதுவுக்கு மாநிலங்கள் விதித்த கட்டணங்களும் விற்பனைக் கட்டுப்பாடுகளும் அதில் பேசுபொருளாயின. 2021 பட்ஜெட்டில் மத்திய அரசு அடிப்படை வரியை 50 சதவீதமாக்கி, வேளாண் கட்டமைப்புக்கென்று 100 சதவீதக் கூடுதல் தீர்வையைச் சேர்த்தது. மொத்தம் மாறவில்லை: 10,000 ரூபாய் மதிப்புள்ள பாட்டில் துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது 25,000 ரூபாய். மாநில வரி அதன் பிறகு.

பெயரும் ஒரு தகராறு. 1961 வரை போர்த்துகல் வசமிருந்த கோவாவில், உள்ளூரில் தயாரான இனிப்புச் சிவப்பு ஒயின் நெடுங்காலமாகப் 'போர்ட் ஒயின்' என்ற பெயரிலேயே மலிவாக விற்கப்பட்டு வந்தது. சென்னைக்காரர் பலருக்குப் போர்ட் என்றால் அதுதான். 'போர்ட்டோ' இந்தியாவிலும் புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றுள்ளது. அந்தப் பதிவைக் கறாராக நடைமுறைப்படுத்தினால் முதலில் முகவரி இழப்பது கோவாவின் சிறு தயாரிப்பாளர்கள்.

விழிஞ்ஞத்தின் பழைய மீன்பிடித் துறையைப் பள்ளிவாசல் ஒருபுறமும் தேவாலயம் மறுபுறமுமாகப் பார்த்து நிற்கின்றன. அங்கிருந்து பார்த்தால் புதிய துறைமுகத்தின் நீலநிறப் பாரந்தூக்கிகள் தெரியும். பெட்டகங்களில் பெரும்பாலானவை கப்பல் மாறிச் செல்பவையே. முதல் தாய்க்கப்பலான சான் ஃபெர்னாண்டோ 2024 ஜூலை 11 அன்று அங்கு வந்தது. அன்று அந்தக் கரையில் பிறந்த குழந்தை, கேரளத்தில் மது வாங்குவதற்கான 23 வயதை 2047 ஜூலையில் எட்டும். அதன் பிறப்பாண்டு ஒயினும் ஏறக்குறைய அப்போதுதான் திறக்கும் பருவத்துக்கு வரும். அதற்காக அதன் தந்தை இன்று சட்டப்படி வாங்கி வைக்கக்கூடியது நான்கு பாட்டில்.