விறகுக் கட்டில் புலிச் சிலந்தி: அடிக்க முன் யோசியுங்கள்

காட்டு ஓரத்தில் விறகு பொறுக்கிக்கொண்டு வந்து இஸ்தோப்பில் இறக்கி வைப்போம். கட்டை அவிழ்த்ததும் உள்ளங்கை அளவில் மயிர் முளைத்த எட்டுக்கால் பூச்சி ஒன்று வெளியே ஓடும். "ஐயோ, கடிச்சா ஆள் முடிஞ்சுது!" என்று சத்தம் போட்டு விளக்குமாற்றைத் தேடுவோம். கொஞ்சம் பொறுங்கள்.

இதுதான் புலிச் சிலந்தி. இதில் பல இனங்கள் உண்டு. அதில் ஒன்று நம் மலைநாட்டுக்கே சொந்தமானது. 1895இல் பொக்கொக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அதற்கு "பொசிலோதீரியா சப்ஃபஸ்கா" என்று பெயர் வைத்தார். கண்டி, நுவரெலியா போன்ற நம் மலைப்பகுதிகளை விட்டால், உலகத்தில் வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இது இல்லை.

இது வலை பின்னி இரைக்குக் காத்திருக்காது. பகலில் பெரிய மரத்தின் பொந்துக்குள் பதுங்கியிருக்கும். இரவில் வெளியே வந்து கரப்பான் போன்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்தில் சேர்ந்திருப்பதும் உண்டு.

அப்படியென்றால் நம் வீட்டுக்கு ஏன் வருகிறது? பழைய மரங்கள் இல்லை, அதனால்தான். கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை தொடங்கிய பிறகு தேயிலைக்காகவும், மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. அந்தக் காட்டை வெட்டிய கைகள் நம் பாட்டன் பூட்டன்மாருடையவை. வெட்டச் சொன்னது அவர்கள் அல்ல. மிஞ்சிய சிலந்திகளைப் பிடித்து வெளிநாட்டில் வளர்ப்புக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் 2019இல் புலிச் சிலந்தி இனம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாடு கடத்துவது குற்றம். யாராவது காசு தருகிறேன், பிடித்துத் தா என்றால் ஏமாந்துவிடாதீர்கள்.

கடித்தால் என்ன ஆகும்? நல்ல வலி, வீக்கம், சிலருக்குச் சில நாட்களுக்குத் தசைப்பிடிப்பு வரும். மனிதர் உயிர் போனதாகப் பதிவு இல்லை. ஆனாலும் சும்மா இருக்கக் கூடாது. கடிவாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கீறவோ வாயால் உறிஞ்சவோ வேண்டாம். உடனே டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள்.

விறகுக் கட்டை வெளியிலேயே தட்டிவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள். சிலந்தி வந்துவிட்டால் வெறுங்கையால் தொடாமல், வாளியால் மூடி, அடியில் கனமான அட்டையைச் செருகி, மரம் உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: அதுவும் இந்த மலையின் பிள்ளைதான்.