தும்மலுக்கு மாத்திரை: எல்லோருக்கும் ஒன்றல்ல

மூக்கு ஒழுகினாலும் உடம்பு அரித்தாலும் நம் வீடுகளில் முதலில் தேடுவது அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையைத்தான். பிரிட்டோன் என்று கேட்டால் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் மருந்தகத்தில் கிடைத்துவிடும். "தூக்கம் வரும், வண்டி ஓட்டாதே" என்பதோடு நம் எச்சரிக்கை முடிந்துவிடுகிறது.

'அக்யூட் போர்ஃபிரியா' உள்ளவர்களுக்கு அது போதாது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் 'ஹீம்' என்ற பொருளை உடல் பல படிகளில் தயாரிக்கிறது. அவற்றில் ஒரு படிக்கான நொதி பரம்பரையாகக் குறைந்திருப்பதே இந்த அரிய நோய். சில மருந்துகள் கல்லீரலின் ஹீம் தயாரிப்பை முடுக்கிவிடும்போது அந்தப் படியில் வேலை தேங்கி நச்சு சேரும். கடும் வயிற்றுவலி, வாந்தி, மலச்சிக்கல், கருஞ்சிவப்பான சிறுநீர், கைகால் தளர்ச்சி, வலிப்பு எனத் தாக்கும்.

தென்னாப்பிரிக்காவில் 1688-இல் மணந்த ஒரு டச்சுத் தம்பதியின் வழிவந்த பலருக்கு இந்த வகை நோய்களில் ஒன்று இருந்தது. பார்பிச்சுரேட் தூக்க மருந்துகள் வந்த பிறகுதான் அதன் கொடூரம் வெளிப்பட்டது. டாக்டர் ஜெஃப்ரி டீன் அந்த வம்சாவளியைத் தேடிக் கண்டறிந்தார்.

அலர்ஜி மாத்திரைகளோ எல்லாம் ஒரே ரகமில்லை. பிரிட்டோனில் உள்ள குளோர்பெனிரமின், தூக்கம் குறைவாகத் தரும் செடிரிசின், லோராடடின் ஆகியவை பொதுவாகப் பாதுகாப்பான பட்டியலில் உள்ளன. ஹைட்ராக்ஸிசின், கிளெமாஸ்டின் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். தூக்கம் வருவதை வைத்து ஆபத்தைக் கணக்கிட முடியாது. மருந்தின் பெயரைத்தான் பார்க்க வேண்டும். சளி மருந்துகளில் பல மருந்துகள் கலந்திருக்கும் என்பதால், அட்டைப் பெட்டியில் உள்ள பெயர்கள் அனைத்தையும் படியுங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. பலருக்கு ஆயுள் முழுவதும் தொல்லையே வராது. அதனால்தான் குடும்பக் கதை முக்கியம். ரப்பர் தோட்ட லயத்தில் யாருக்கு என்ன நோய் என்பது எல்லோருக்கும் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சித்தப்பா ஒரு ஊரும் அத்தை ஒரு ஊருமாகப் பிரிந்தபோது அந்த விவரமும் சிதறிவிட்டது. அடுத்த விசேஷத்தில் கூடும்போது பெரியவர்களைக் கேளுங்கள்: "நம்ம வீட்டில் யாருக்காவது காரணம் தெரியாத வயிற்றுவலி இருந்ததா?"

நோய் உறுதியானவர்கள் அதன் பெயரை எழுதிப் பர்ஸில் வையுங்கள். மருந்தாளரிடமும் மயக்க மருந்து தருபவரிடமும் முதலில் சொல்லுங்கள். நீண்ட பட்டினியும் மதுவும்கூடத் தூண்டும். விரதத்துக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். வலி வந்தால் மாத்திரை தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.