பாறைக் கிணறும் காற்றழுத்த யந்திரமும்

கோயம்புத்தூர், சேலம் முதலிய ஜில்லாக்களில் பெரும்பாலான கிணறுகள் கெட்டிப் பாறையில் வெட்டப்பட்டவை. கோடையில் ஊற்றுக் குறையுங்கால் குடியானவர்கள் அவற்றை ஆழப்படுத்த முற்படுகின்றனர். சம்மட்டியும் உளியும் கொண்டு வெடிக்குழி போடுவது காலத்தையும் கூலியையும் விழுங்கும் வேலையாகும். டிராக்டரின் மீதோ தனி வண்டியின் மீதோ பொருத்தி ஊர்தோறும் கொண்டு செல்லப்படும் காற்றழுத்த யந்திரம் இவ்வேலையை எளிதாக்குகிறது. கிராமங்களில் இது 'கம்ப்ரஸர்' எனப்படும்.

இவ்யந்திரம் வெளிக் காற்றை இழுத்துப் பிஸ்டனால் அமுக்கித் தொட்டியில் சேர்க்கிறது. அங்கிருந்து ரப்பர் குழாய் வழியாகக் கிணற்றினுள் இறங்கும் காற்று, துளைக் கருவியினுள் ஒரு சுத்தியலை இடைவிடாது இயக்கி உளியின் தலையில் அடிக்கச் செய்கிறது. கருவி நன்கு வேலை செய்யச் சதுர செண்டிமீட்டருக்கு 6 முதல் 7 கிலோ வரை அழுத்தம் வேண்டும். அழுத்தம் மட்டும் போதாது. ஒரு கருவிக்கு நிமிஷத்திற்குச் சுமார் 2 முதல் 3 கன மீட்டர் காற்றும் தேவை. சிறிய யந்திரத்தில் இரண்டு கருவிகளைப் பூட்டினால் அழுத்தம் தாழ்ந்து இரண்டுமே மந்தப்படும். வாடகை பேசும்போது இதை விசாரித்தறிதல் நலம்.

ஆல்ப்ஸ் மலையில் மான்ட் செனிஸ் சுரங்கம் குடைந்தபோது, 1861-ம் ஆண்டு முதல் காற்றினால் இயங்கும் துளைக் கருவிகள் கையாளப்பட்டன. கருவியினின்று வெளியேறிய காற்று உள்ளே உழைத்தவர்களின் சுவாசத்திற்கும் உதவிற்று. கிணற்றிலும் இவ்வனுகூலத்தைப் பெறலாம். ஆனால் அதற்குக் கவனம் வேண்டும்.

வெடித்தபின் கிணற்றில் தங்கும் புகையில் கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே இறங்கலாகாதென்பது உண்மையே. ஆனால் அணையாதிருப்பதால் அபாயமில்லையென்று கொள்ளுதல் தவறு. இவ்வாயு உயிரைப் போக்கும் அளவில் இருக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். டிராக்டர் கக்கும் புகையிலும் இதே வாயு உண்டு.

ஆகையால் யந்திரத்தைக் கிணற்று வாயை விட்டு விலக்கி, அதன் புகை கிணற்றின் பக்கமோ, காற்று இழுக்கும் வாயின் பக்கமோ வராதபடி நிறுத்த வேண்டும். வெடித்தபின் எவரும் இறங்குமுன் குழாயின் நுனியை அடிவரை இறக்கிக் கட்டி, புகை முற்றும் நீங்கும் வரை நல்ல காற்றைச் செலுத்த வேண்டும். முதலில் இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள, மேலே இருவர் அதைப் பற்றியிருத்தல் வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் மற்றொருவர் பதறி இறங்கலாகாது. கயிற்றினாலேயே தூக்க வேண்டும். இவ்விதம் காப்பாற்றச் சென்றவர்களும் மாண்டதுண்டு.

மருந்திடும் வேலையை லைசென்ஸ் பெற்றவரே செய்தல் வேண்டும். வெடிகளை எண்ணி, வெடிக்காதது உண்டாவென்று அவர் உறுதி செய்த பின்னரே வேலை தொடங்கலாம். பழைய குழியில் மறுபடி துளையிடுதல் கூடாது. பாறைத் தூள் நுரையீரலைக் கெடுக்குமாதலால் ஜலம் விட்டுத் துளைப்பது நன்று. குழாயைக் கழற்றுமுன் காற்றை அடைத்து, உள்ளிருப்பதை வெளிவிட வேண்டும். தொட்டியில் சேரும் ஜலத்தை நாள்தோறும் வடித்துவிடுக.

இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் முடிப்பது லாபமே. ஆயினும் வெடித்தபின் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துப் பெறும் லாபம் எதுவும் குடியானவர்களுக்கு வேண்டுவதன்று.