அந்தரங்க அழகுக்கு ஆபரேஷனா?

தாய்மார்களும் கலியாணப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்

குடவோலைக் கல்வெட்டால் புகழ் பெற்ற ஊர், காஞ்சீபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். சுற்றிலும் ஏரியும் வயலும்தான். அந்த வயல்காட்டுக்கும் இன்று செல்போன் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே விளம்பரமும் வந்துவிட்டது.

மூக்கை நிமிர்த்த ஆபரேஷன் என்பது பழைய கதை. பெண்ணின் பிறப்பு உறுப்பை "அழகாக்கும்" ஆபரேஷன் இப்போது உலகமெங்கும் பெருகி வருகிறது. சென்னையிலும் தனியார் ஆஸ்பத்திரிகளில் இது நடக்கிறது.

கூச்சமான பேச்சுதான். ஆனால், பேசாமல் இருந்தால் ஏமாறப்போவது நம் வீட்டுப் பெண் அல்லவா?

மூன்று வகை

உறுப்பின் உள் இதழ்களை வெட்டிச் சிறிதாக்குவது ஒரு வகை. பிரசவத்துக்குப் பின் தளர்ந்த இடத்தை இறுக்குவது இன்னொரு வகை. "கன்னித்திரை" என்ற சவ்வைத் தைப்பது மூன்றாவது வகை.

தாயும் மகளும்

கிராமத்துப் பெண் ஒருத்தி. கலியாணம் நிச்சயமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் ஏதோ படம் பார்க்கிறாள். மனதில் பயம் புகுந்துவிடுகிறது.

"அம்மா, எனக்கு ஏதோ கோளாறு போலிருக்கு" என்கிறாள்.

"ஐயோ! வெளியே சொல்லாதேடி" என்று தாய் பதறுகிறாள். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறாள்.

உண்மையில் கோளாறு இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை!

லண்டன் டாக்டர்கள் 50 பெண்களை அளந்து பார்த்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். உள் இதழின் அகலம் ஒருத்திக்கு 7 மில்லிமீட்டர். இன்னொருத்திக்கு 50 மில்லிமீட்டர்! நிறமும் ஆளுக்கு ஆள் வேறு. எல்லோருக்கும் ஒரே மாதிரி மூக்கா இருக்கிறது? இதுவும் அப்படித்தான்.

சிறுமிகளும் தப்பவில்லை

இங்கிலாந்தில் 2015-16ம் ஆண்டில் 18 வயதுக்கு உட்பட்ட 200-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த இதழ் ஆபரேஷன் நடந்தது. அவர்களில் 150-க்கும் அதிகமானவர்கள் 15 வயதுகூட நிரம்பாதவர்கள். வளர்ந்து முடியாத உடம்பில் கத்தி!

ரத்தப்போக்கு, சீழ், தழும்பு, தீராத வலி, உணர்ச்சி குறைவு — இவை எல்லாம் வரக்கூடும். "லேசர் கருவியால் இறுக்குகிறோம்" என்ற விளம்பரங்களை 2018-ல் அமெரிக்க அரசின் மருந்துத்துறை கண்டித்தது. தீக்காயமும் தழும்பும் ஏற்படலாம் என்று எச்சரித்தது.

கன்னித்திரை சொல்லாது

முதல் இரவில் ரத்தம் வராத பெண்கள் ஏராளம். பிறவியிலேயே சவ்வு சிலருக்குச் சிறியது, சிலருக்கு நெகிழக்கூடியது. அதைப் பார்த்து ஒரு பெண்ணின் நடத்தையை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அத்தகைய சோதனைக்கு விஞ்ஞான ஆதாரமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அறிவித்தது.

கற்பழிப்பு வழக்குகளில் பெண்களுக்குச் செய்துவந்த "இரு விரல் சோதனை"யை நிறுத்தும்படி 2022 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கண்டித்தது. இங்கிலாந்தில் 2022 ஜூலை முதல் கன்னித்திரையைத் தைப்பதே குற்றம். 5 ஆண்டு வரை ஜெயில்!

எதற்கு டாக்டர்?

வலி, அரிப்பு, துர்நாற்றம், நடக்கும்போது உரசிப் புண்ணாவது, பிரசவத்துக்குப் பின் கருப்பை இறங்குவது, சிறுநீர் கசிவது — இவை நோய். இவற்றை மறைக்கக் கூடாது. கிராம நர்சிடம் சொல்லலாம். அரசு ஆஸ்பத்திரியில் பெண் டாக்டரைக் கேட்டுப் பார்க்கலாம். சிகிச்சை இலவசம். ஆபரேஷன் உண்மையிலேயே தேவை என்றால் அவர்களே சொல்வார்கள்.

வலி இல்லை, நோய் இல்லை, "அழகு இல்லை" என்ற பயம் மட்டும்தான் என்றால், கத்தி வேண்டாம்.

மகள் தயங்கித் தயங்கி வந்து கேட்டால், தாய்மார்களே, அதட்டாதீர்கள். "உனக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவளைக் காப்பாற்றும். நகையும் பெட்டியிலேயே இருக்கும்!