யாருக்கு வலப்பக்கம்?

வெள்ளவத்தையில் வழி கேட்டால், "காலி வீதியால போய், இராமகிருஷ்ண வீதியில கடல் பக்கம் இறங்குங்கோ" என்பார்கள். சொல்பவரின் கை மேற்கே நீளும். கடல் இடம் மாறாததால், கேட்பவர் எந்தத் திசை பார்த்து நின்றாலும் குழப்பமில்லை. மதுரைப் பக்கத்துக் கிராமத்தவர்கள் மேசைமேல் இருக்கும் பொருளுக்குக்கூட வடக்கு, தெற்கு சொல்வதை மொழியியலாளர் எரிக் பீடர்சன் 1990களில் ஆராய்ந்தார்.

இதே வழியைச் சைகைமொழியில் சொல்பவர் முதலில் ஒரு பார்வையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நடந்துபோகிறவரின் கண்ணால் சொன்னால், கை தெஹிவளையை நோக்கி முன்னே சென்று வலப்பக்கம் திரும்பும். மேலிருந்து பார்ப்பதுபோல் சொன்னால், நெஞ்சுக்கு முன்னால் காலி வீதி, மரைன் டிரைவ், தண்டவாளம், கடல் எல்லாம் வரிசையாக விரியும். இடக்கை வீதியாக நிற்கும்போதே வலக்கை பஸ்ஸாக அதன்மேல் ஓடும். 'கடைக்குப் பக்கத்தில் பஸ் நிற்கிறது' என்று வாயால் சொல்லும்போது எந்தப் பக்கம் என்பதை விட்டுவிடலாம். கையால் அப்படி விட முடியாது; பஸ்ஸை எங்கேயாவது ஓர் இடத்தில் வைத்தே ஆகவேண்டும்.

எதிரே இருப்பவருக்கோ எல்லாம் தலைகீழ். சொல்பவரின் வலம்தான் வலம் என்பது பொதுவான வழக்கம். ஆகவே பார்ப்பவர் காட்சியை மனதுக்குள் முழுதாகத் திருப்பிக்கொள்கிறார். அமெரிக்கச் சைகைமொழியாளர்களைக் கரென் எமோரியும் சக ஆய்வாளர்களும் 1993இல் சோதித்தார்கள். திருப்பி வைத்த உருவம் அசலா, கண்ணாடிப் பிம்பமா என்பதை அவர்கள் மற்றவர்களைவிட வேகமாகக் கண்டுகொண்டார்கள். அவர்களுள் காது கேட்பவர்களும் இருந்தார்கள். செவிப்புலன் இல்லாததால் அல்ல, மொழியால் வந்த வேகம் அது.

வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் தெற்கே மூன்றாவது ஸ்டேஷன் இரத்மலானை. 1912இல் மேரி சாப்மன் தொடங்கிய செவிப்புலனற்றோர் பள்ளி இன்று அங்கேதான் இருக்கிறது. இலங்கையில் சைகைகள் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். பிள்ளைகள் ஒன்றுகூடும் இடத்தில்தான் சைகைமொழி வளர்கிறது என்பதால் இத்தகைய பள்ளிகளின் பங்கு பெரிது.

அதற்கு வலுவான சான்று நிகரகுவாவில் கிடைத்தது. மனாகுவாப் பள்ளிகளில் 1970களின் இறுதியில் ஒன்றுசேர்ந்த செவிப்புலனற்ற பிள்ளைகள் ஒரு புதுமொழியையே உருவாக்கினார்கள். முதலில் வந்தவர்களிடம் இடம் வலத்துக்கு நிலையான முறை இல்லை, பின்வந்தவர்களிடம் இருந்தது. ஜென்னி பையர்ஸ் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், திசை தடுமாறச் செய்தபின் ஒளித்த பொருளைத் தேடுவதில் பின்வந்தவர்களே தேறினார்கள். சைகைமொழியைத் தள்ளிப்போட நினைக்கும் பெற்றோர் எவரிடமும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். சோதிக்கப்பட்ட எல்லோரும் அப்போது வளர்ந்தவர்கள். முதலில் வந்தவர்களே வயதில் மூத்தவர்கள். வயது மட்டும் அந்தத் திறனைக் கொடுத்துவிடவில்லை.