வெள்ளி முளைத்த மார்கழி
ஆண்டாள் நந்தவனம், ஸ்ரீவில்லிபுத்தூர்
கி.பி. 8–9ஆம் நூற்றாண்டு

பெரியாழ்வார் பூப்பறித்த இந்தத் தோட்டத்தில், துளசிச் செடியின் அடியில் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டார் என்பது மரபு.

அவர் பாடிய திருப்பாவையின் 30 பாசுரங்களில் 13ஆவது ஒரு விடியல் வானத்தையே பதிவு செய்திருக்கிறது. கிழக்கே வெள்ளி முளைக்கிறது. மேற்கே வியாழன் மறைகிறது. தோழியை நீராட எழுப்பும் பெண்களுக்கு அதுவே கடிகாரம்.

628இல் வானியலாளர் பிரம்மகுப்தர் கோள்களின் போக்கைக் கணித நூலாக வடித்தார். ஆண்டாளோ அவற்றைக் கண்ணால் கண்டபடி தமிழில் பாடினார்.

வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். வெள்ளி 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பருவத்தில் பழைய இடத்துக்குத் திரும்பும். இரண்டும் இப்படி எதிரெதிரே நிற்கும் மார்கழி எல்லா ஆண்டும் வாய்க்காது. ஆண்டாளின் காலத்தைக் கணிக்க அறிஞர் மு. இராகவையங்கார் இந்தக் குறிப்பையே துணைக்கொண்டார்.